எல்லாரும் சர்வினைத் தேடிய சனிக்கிழமை

சர்வின், டேய், உன் முகாமுக்குப் போய்விட்டு வந்தேன். போன வருடத்திலிருந்து ஃபோனில் சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றாயே, அதே ஏழு நாள் சாரணர் முகாம். நான் கடைசி நாளுக்கு மட்டும்தான் போனேன். நீ இருந்திருந்தால் இந்தக் கதையை நீயே ஒரு மணி நேரம் சொல்லியிருப்பாய். நீ இல்லை, அதனால் நான் சொல்கிறேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் எப்போதும் போலச் சிரித்துக்கொள்.

மற்றவர்களும் படிப்பதால் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்வின் என் தம்பி. பதினாறு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் டெங்கிக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். நான் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நான்காவது நாள்தான் லீவு கேட்டேன். ஐந்தாவது நாள் கிடைத்தது. எங்கள் கிடங்கில் ஒரு பொட்டலம் குறைந்தால்கூட மொத்த வரிசையும் நின்றுவிடும், எல்லாரும் தேடுவோம். ஆள் குறைந்தால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடும்.

அம்மாதான் என்னை அனுப்பினார். சர்வின் பரீட்சை எழுதித் தேறிய ஒரு பேட்ஜ் பாக்கி இருந்தது. முகாமின் கடைசி நாள் விழாவில் அவன் பெயரைக் கூப்பிட்டு அதை வீட்டாரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்களாம்.

"அந்த யூனிஃபார்ம பாத்தா என்னால நிக்க முடியாது. நீ போ தேவி. பேரக் கூப்பிடுறப்ப ஃபோன்ல பிடிச்சிட்டு வா. எனக்கு அது போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈப்போவில், குனோங் ராபாட் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சிங்கப்பூரில் பஸ் நான்கு நிமிடத்தில் வரும் என்று பலகையில் போட்டால் நான்காவது நிமிடத்தில் நிற்கும். ஈப்போவில் பலகை இருக்கிறது, பஸ்ஸுக்கு அது தெரியாது. அம்மா மீன் பொரித்து, மூன்று பேருக்குச் சோறு வடித்திருந்தார். அப்பா எங்களை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது பங்கையும் சேர்த்து நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் வாடகைக் கார் எடுத்தேன். சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி எஸ்டேட் செம்மண் சாலை தொடங்கும் இடத்தில் டிரைவர் தம்பி காரை நிறுத்திவிட்டான். "நேத்துத்தான் கழுவுனேன்கா" என்றான். இறங்கி நடந்தேன். கால்மணி நேரம் கழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று நின்றது. ஓட்டியவர் வங்காளதேசத்துக்காரர். முன்பு சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தவராம். மலாயில் பேசினார். அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கும், பேசத்தான் ஆள் கிடையாது, இங்கே எதுவும் நேரத்துக்கு நடக்காது, பேச மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது என்றார். தன் பொட்டலத்திலிருந்து பாதி வாழைப்பழப் பொரியலையும் எனக்குக் கொடுத்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

முகாம் நடந்த இடத்தை எல்லாரும் இன்னமும் ரப்பர் எஸ்டேட் என்றுதான் சொல்கிறார்கள். ரப்பர் மரம் என்று பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரே ஒரு வரிசை நிற்கிறது. மற்றதெல்லாம் செம்பனை. நடுவில் பழைய எஸ்டேட் பள்ளியின் திடல். அதில் கூடாரங்கள். வாசலில் பையன்கள் மூங்கிலைக் கயிற்றால் கட்டி ஒரு பெரிய நுழைவாயில் செய்திருந்தார்கள். ஓர் ஆணி கிடையாது, எல்லாம் முடிச்சுதான். அவ்வளவு அழகான முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியாதபடி மேலே ஒரு பேனர். பேனரில் டத்தோவின் முகம் இரண்டு கூடார அகலத்துக்கு இருந்தது. டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர்தான் முகாமை முடித்து வைக்க வருகிறார். சாரணர் படம் அவர் காதுக்குக் கீழே தபால்தலை அளவில் இருந்தது.

முகாம் தலைவர் குணசேகரன் சார் தைப்பிங்கிலிருந்து வந்தவர். பழைய ஆசிரியர் மாற்றலாகிப் போனதால், இந்தக் குழுவைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். நல்ல மனிதர்தான். ஆனால் கையில் இருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பதினேழு நிகழ்ச்சிகள் கொண்ட பட்டியல் அது. பதினொன்றாவதாக "மறைந்த சாரணர் நினைவு, ஒரு நிமிடம்" என்று இருந்தது. பன்னிரண்டாவது டத்தோ உரை, நாற்பது நிமிடம்.

விழா பத்து மணிக்கு என்றார்கள். ஒன்பது மணிக்கே பையன்களை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நான்கு அணிகள், அணிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு. சர்வின் இருந்தது இருவாச்சி அணியில். ஒவ்வோர் அணியும் தன் பெயருக்குரிய பறவை, விலங்கு மாதிரி ஒரு தடவை கத்த வேண்டும். இருவாச்சி எப்படிக் கத்தும் என்று யாருக்கும் தெரியாததால் அவர்கள் நாய் மாதிரி குரைத்தார்கள். இதை சர்வின் எனக்குச் சொல்லியிருக்கிறான், நான் நம்பியதில்லை. அந்த அணித் தலைவன் தினேஸ், தம்பியின் கூட்டாளி, எங்கள் வீட்டில் நூறு தடவை சாப்பிட்டவன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் குரைத்தபோது எஸ்டேட் நாய் ஒன்று எழுந்து வந்து அவர்களோடு நின்றது. நல்ல கொழுத்த நாய். கூடார நிழலில் இருந்த சமையல்கார அக்கா, "வந்த அன்னிக்கு எலும்பா இருந்துச்சி. ஒரு வாரத்துல பாருங்க, மாப்பிள்ளை மாதிரி ஆயிருச்சி" என்றார்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. ஒரு மணியும் ஆனது. டத்தோ வேறொரு விழாவை முடித்து வைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அவருக்கான பூமாலை ஐஸ் பெட்டிக்குள், சர்பத் மாதிரியான சிரப் பாட்டில்களோடு படுத்திருந்தது. பிரியாணி மூடியே இருந்தது. டத்தோ சாப்பிட்ட பிறகுதான் பையன்களுக்கு. ஒரு வாரமாகச் சாடின் மீன் டின் சாப்பிட்டவர்கள் அந்தச் சட்டியைச் சாமி கும்பிடுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் தவறாமை பற்றிய பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பையன் ஒருவன் மயங்கி உட்கார்ந்தான். அவனுக்குச் சிரப் கொடுத்தார்கள்.

அப்போதுதான் குணசேகரன் சார் என்னிடம் வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"தங்கச்சி, அந்தப் பையனோட அக்காதானே நீங்க? நேரம் ரொம்பப் போயிருச்சிம்மா. நிகழ்ச்சியக் கொஞ்சம் சுருக்க வேண்டியிருக்கு. பேட்ஜ் இதுல இருக்கு. சர்ட்டிபிகேட் திருத்தத்துக்குப் போயிருக்கு, அப்புறம் வரும்."

எதைச் சுருக்கினீர்கள் என்று கேட்டேன். காகிதத்தைக் காட்டினார். பதினேழில் பதினொன்றாவதை மட்டும் பேனாவால் அடித்திருந்தார். மூன்று மணி நேரத் தாமதத்தைச் சரிக்கட்ட ஒரு நிமிடத்தை வெட்டியிருந்தார்.

"பேர மட்டும் ஒரு தடவ கூப்பிடுங்க சார். எங்கம்மாவுக்காக" என்றேன்.

பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் வேலை பார்க்கிறவள்தான். அந்தப் பையன், அந்தப் பையன் என்று நான்கு தடவை சொன்னார். பெயர் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உறையின் மேலே "குடும்பத்தாருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது.

உறையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினேன். அங்கேதான் ஃபோனுக்குச் சிக்னல் கோடு கிடைக்கும். அம்மாவிடம் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு திருட்டு வேலை செய்யப் பார்த்தேன். ரப்பர் மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, ஃபோனில் பதிவைத் தட்டிவிட்டு, விழாவில் அறிவிக்கிற மாதிரி குரலைக் கனமாக்கி நானே அவன் பெயரைச் சொன்னேன். முதல் தடவை என் குரல் என்று தெரிந்தது. இரண்டாவது தடவை அழுதுவிட்டேன். மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தபோது கீழேயிருந்து கேட்டது.

"சர்வின் மணிமாறன்!"

கை மைக்கில். முழுப் பெயர்.

இன்னொரு தடவை. பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து வேறு குரல், மைக் இல்லாமல். செம்பனைக்குள்ளிருந்து ஒரு குரல். ஓடைப் பக்கமிருந்து நான்கைந்து குரல் ஒன்றாக. விசில் வேறு. சர்வின், சர்வின் என்று அந்த எஸ்டேட் முழுக்க உன் பெயர்தான்டா. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். இறந்துபோனவனைக் காட்டைப் பார்த்துக் கூப்பிடுவது சாரணர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். குணசேகரன் சாரைப் பற்றி மேட்டில் ஏறும்போது மனதுக்குள் சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கழுத்தில் விசிலோடு மூச்சு வாங்க ஏறி வந்தான். வேறு அணிக்காரன், இந்த வருடம்தான் சேர்ந்தவன்.

"அக்கா, சர்வின்னு ஒரு அண்ணன் காணாம போயிட்டாரு. இந்தப் பக்கம் வந்தாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் எப்படி இருப்பான் என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. நான் பாத்ததில்ல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "உயரமா இருப்பான். எடது காதுகிட்ட மச்சம் இருக்கும்" என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கி ஓடினான். இரண்டு நிமிடத்தில் கை மைக் சொன்னது, உயரமான பையன், இடது காதருகே மச்சம். நான் திரும்பி ரப்பர் மரங்களுக்கு இடையே பார்த்தேன். தொட்டிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தேன். முப்பது பேர் ஒருவனைத் தேடும்போது, அவன் அக்கா சும்மா நிற்க முடியுமா?

என்னை நிறுத்தியது புதிதாகக் கேட்ட ஒரு கனத்த குரல்.

"சர்வின், பயப்படாதப்பா. டத்தோ வந்துட்டேன். வெளிய வா."

பதிவை நிறுத்திவிட்டுக் கீழே ஓடினேன்.

டத்தோ எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தவர், இதற்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்திருந்தார். கழுத்தில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிற மாலை, கையில் மைக். பக்கத்தில் ஒருவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குணசேகரன் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. போலீசுக்குச் சொல்லலாமா என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். மழை கறுத்துக்கொண்டு வந்ததால், டத்தோ வரும்வரை பையன்களை பஸ்ஸில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் டிரைவர் ஒரு சீன அங்கிள், சுங்கை சிப்புட்டிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு தடவை மலைப் பயணத்தில் ஒரு பிள்ளையைத் தவறவிட்டு வந்ததிலிருந்து தலையை எண்ணாமல் கதவைச் சாத்த மாட்டாராம். எண்ணியிருக்கிறார். ஒன்று குறைந்தது. குணசேகரன் சார் வருகைப் பதிவைக் காட்டி, ஆறு நாளும் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்றிருக்கிறார்.

"பேப்பர்ல முப்பத்திரண்டு, பஸ்ல முப்பத்தொண்ணு. பேப்பர் பஸ் ஏறாது லா" என்றாராம் டிரைவர்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் வராத ஒரு பெயரைக் கண்டுபிடித்துத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரமாக யாரும் தலையை எண்ணவில்லை. காலையும் மாலையும் அணித் தலைவன் வந்து சல்யூட் வைத்து எத்தனை பேர் என்று சொல்வான், சார் எழுதிக்கொள்வார். சாரணன் வாக்கை நம்ப வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதியாம்.

நான் சாரிடம் போய்ச் சொன்னேன். "சார், சர்வின் என் தம்பி. நீங்க அந்தப் பையன்னு சொன்னீங்களே, அவன்தான். அவன் செத்து மூணு மாசம் ஆச்சி."

அவர் கையிலிருந்த பதிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில கூட இருந்தாரும்மா" என்றார்.

டத்தோ மைக்கைக் கீழே இறக்கினார். "அப்போ யாரும் காணாம போகலியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லவேள" என்றார். சாரும் நல்லவேளை என்றார். வீடியோக்காரர்கூடச் சொன்னார். காணாமல் போகவில்லை, செத்துத்தான் போயிருக்கிறான் என்று தெரிந்ததும் அங்கே எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. நானும் கோபப்பட மறந்து, ஆமாம் நல்லவேளை என்று சொல்லிவிட்டேன்.

செம்பனைக்குள்ளிருந்து இருவாச்சி அணி கடைசியாக வந்தது. ஏழு பேர், பின்னால் நாய். முழங்கால் வரை சேறு. தினேஸ் நேராக என் முன்னால் வந்து நின்றான்.

"முதல் நாளு சார் பழைய லிஸ்ட்டப் பாத்து எட்டுப் பேரும் இருக்கீங்களான்னு கேட்டாருக்கா. இருக்கோம்னு வாயில வந்துருச்சி. பழக்கம். மறுநாளு ஏழுன்னு சொல்லலாம்னுதான் போனேன். வரல. எட்டுன்னே சொல்லிட்டேன்."

ஒவ்வொரு வேளையும் எட்டுப் பேருக்குச் சாப்பாடு வந்திருக்கிறது. எட்டாவது பங்கை யாரும் தொடவில்லை. கடைசியில் நாய்க்கு வைத்திருக்கிறார்கள். சர்வின், உன் பங்கு சாடின் மீன் எங்கே போனது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நல்ல நாய்தான்.

"சரிடா, அவன் இல்லன்னு ஒனக்குத்தான் தெரியுமே. அப்புறம் ஏன்டா நீயும் போய்த் தேடுன?" என்று கேட்டேன்.

அவன் கழுத்துத் துணியைத் திருகினான்.

"எல்லாரும் கூப்பிட்டாங்க. நாமளும் கூப்பிட்டுப் பாப்போம்னு தோணுச்சிக்கா."

தொட்டிக்குப் பின்னால் நான் எட்டிப் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை.

குணசேகரன் சார் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு பதிவைச் சரியாக முடிக்க வேண்டும் என்பதால், மெதுவாக, இருவாச்சி அணி எத்தனை பேர் என்று கேட்டார். தினேஸ் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். சல்யூட் வைத்தான்.

"ஏழு சார்."

மற்ற ஆறு பேரும் குரைத்தார்கள். அது சிரிக்கிற சத்தமாக இல்லை.

மழை வந்துவிட்டது. டத்தோ நாற்பது நிமிட உரையை மூன்று நிமிடத்தில் முடித்தார். மற்ற பதினாறு நிகழ்ச்சியும் போய்விட்டது, ஒரு நிமிட மௌனமும் இல்லை. பிரியாணி மட்டும் எல்லாருக்கும் கிடைத்தது. ஆறிப்போயிருந்தாலும் நல்ல பிரியாணி. குணசேகரன் சார் குடை பிடித்து என்னை பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். படியில் ஏறும்போது, "சர்வினோட அம்மாகிட்ட நான் நேர்ல வந்து சொல்லுறேன்மா" என்றார். பெயரைச் சொன்னார். அதை நான் பதிவு செய்யவில்லை, ஆனால் கேட்டேன்.

பஸ்ஸில் ஓர் இடம் காலியாக இருந்தது, தினேஸுக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தேன். டிரைவர் அங்கிள் இருக்கைகளுக்கு நடுவில் விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். என் தலையையும் சேர்த்து எண்ணினார். "முப்பத்திரண்டு. சரி லா" என்று கதவைச் சாத்தினார். ஈப்போ வரும்வரை பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்து தூங்கினார்கள். சேறு, வியர்வை, பிரியாணி வாசனை. அந்த நாய் சாலை வளைவு வரைக்கும் பஸ்ஸின் பின்னால் ஓடி வந்தது.

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் பேட்ஜைக் கேட்கவில்லை. ஃபோனைத்தான் பார்த்தார். பதிவின் முன்பக்கம் நான் குரல் மாற்றிப் பேசியதையும், பின்பக்கம் விசாரிக்க வந்த அந்தப் பையனின் பேச்சையும் டத்தோவையும் வெட்டியிருந்தேன். மிச்சத்தைப் போட்டேன். ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"ஏன் இப்படிக் கத்திக் கூப்பிடுறாங்க?"

"பெரிய எடம்மா. கேக்கணும்ல."

"எல்லாருமா கூப்பிட்டாங்க?"

"எல்லாருந்தான். அவனப் பாக்காதவங்ககூட."

அம்மா ஐந்தாறு தடவை கேட்டார். நன்றாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சமைக்கப் போனவர், அரிசி டின்னுக்குள் கையை விட்டபடி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்குத்தான் அளந்தார். அன்று சோறு சரியாக இருந்தது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவர்கள் அவரிடம் போய், அது விழா இல்லை, தேடியது என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம், பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவராக இருக்கலாம், எங்கேயும் போகாதவராகவும் இருக்கலாம். என் தம்பிக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடம் அவனுக்கு வரவேண்டியது. அந்தப் பையன் என்று சொல்லாமல், சர்வின் மணிமாறன் என்று முழுப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே வா என்று கூப்பிட வேண்டாம். இருக்கிற இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்.